அமெரிக்கக் கிறிஸ்தவச் சிறுவர் முகாமில் தன்னார்வலராகப் போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு கோடைக்காலம் வட கரோலினா மலைப்பகுதியில் ஒரு திருச்சபை நடத்தும் சிறுவர் முகாமில் வேலை செய்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவள் நான். அன்றிலிருந்து டிசம்பர் பிறந்தால் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அக்கா, நானும் போகலாமா?" என்பதில் தொடங்கி "குளியலறையில் வாளி இருக்குமா?" என்பது வரை எல்லாம் கேட்டாகிவிட்டது. (இருக்காது. ஒரு குவளையைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதி வைக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முகாம் நம் ஊர் வி.பி.எஸ். போன்றதுதானா?

வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டு, கதை, கைவேலை, ஒரு பிஸ்கட் பாக்கெட் என்று காலைப்பொழுது ஓடிவிடும். மதியம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நாமும் போய்விடுவோம். அங்கே ஞாயிறு மதியம் பெட்டி படுக்கையோடு இறக்கிவிடப்படும் பிள்ளை, வார இறுதியில்தான் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கும். நடுவில் இருக்கும் இரவுகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு. வித்தியாசம் முழுவதும் அந்த இரவுகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். 1885-இல் சம்னர் டட்லி என்பவர் ஏழு பையன்களை நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்க் கூடாரம் அடித்தார், ஒய்.எம்.சி.ஏ. வழி வந்த அந்த முகாம், சாம்ப்ளேன் ஏரிக்கரையில் அவர் பெயரிலேயே இன்னும் நடக்கிறது. பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட், லூத்தரன், பிரெஸ்பிட்டேரியன், எபிஸ்கோப்பல், கத்தோலிக்கம் என்று எந்தச் சபையை எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஒரு மலையிலோ ஏரிக்கரையிலோ முகாம் இருக்கும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வாரம் ஒரு கூட்டம் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள்.

அங்கே என் வேலை என்ன?

பதவியின் பெயர் 'கவுன்சிலர்'. இதை ஊரில் சொன்னதும் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர், குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி என்னிடம் முறையிடத் தொடங்கிவிட்டார். அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், பிள்ளைகளோடு ஒரே கேபினில் தங்கி அவர்களை மேய்ப்பவர். அமெரிக்க முகாம் சங்கத்தின் தர விதிப்படி, இரவு தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் வேண்டும். 6 முதல் 8 வயதுக்கு ஆறு பேருக்கு ஒருவர். என் கேபினில் அடுக்குக் கட்டில்களில் எட்டுச் சிறுமிகள், கதவோரத்துக் கட்டிலில் நான்.

ஏழு மணிக்கு மணி அடிக்கும். எழுப்பி, பல் தேய்க்க வைத்து, காணாமல்போன ஒற்றைச் செருப்பைத் தேடி, கேபினைக் கூட்டி, உணவுக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். காலையில் வேதபாடம். பிறகு நீச்சல், வில்வித்தை, துடுப்புப் படகு, கைவேலை. மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் எல்லோரும் கட்டிலில் கிடக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள், நீங்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கப் பழகுவீர்கள். மாலையில் பெருவிளையாட்டு, இரவில் தீ மூட்டி அதைச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. அதன்பிறகு ஒருத்திக்குத் தாகம், ஒருத்திக்குச் சிலந்தி பயம், ஒருத்தி படுக்கையை நனைத்திருப்பாள். மற்றவர்கள் விழிப்பதற்குள் விரிப்பை மாற்றி, நனைந்ததைச் சுருட்டி வெளியே எடுத்துப்போய், யாருக்கும் தெரியாமல் துவைத்துக் காயவைத்து, சாயங்காலத்துக்குள் திரும்ப விரித்துவிட வேண்டும். இரண்டு கோடையில் நான் செய்த ஊழியத்தில் எதற்காவது பெருமைப்படலாம் என்றால் இந்தச் சலவைக்குத்தான்.

எனக்கு மேடையில் பேச வராது. பிரசங்கம் செய்யச் சொல்வார்களா?

மாட்டார்கள். அதற்கென்று வாரத்துக்கு ஒரு போதகர் வருவார். நீங்கள் செய்ய வேண்டியது, படுக்கப்போகும் முன் கேபினில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு பேசி ஜெபிப்பது. நம்மில் நன்றாகப் பிரசங்கிக்கிறவர்களுக்குத்தான் அங்கே சிரமம். மேடைக்காகப் போகிறவர் இரண்டாவது வாரத்தில் சோர்ந்துவிடுவார்; ஓய்வுநாள் பள்ளியில் கடைசி வரிசைப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து பழகியவர் ஆகஸ்ட் வரை நிற்பார்.

ஆங்கிலம் பற்றிக் கேட்பீர்கள். சரளம் அவசியம், அழகு அவசியமில்லை. "ஏரிக்குள் இறங்காதே" என்பது உடனே, உரக்க, புரியும்படி வாயில் வர வேண்டும். தென் மாநிலத்துச் சிறுபிள்ளைகள் இழுத்துப் பேசுவது காதுக்குப் பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது.

தன்னார்வம் என்கிறீர்கள், சம்பளம் தருவதாகவும் சொல்கிறார்களே?

இரண்டு வழிகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு விசா மறுக்கப்படுகிறது.

பெரும்பாலோர் போவது பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசாவில், முகாம் கவுன்சிலர் என்ற பிரிவில். குறைந்தது 18 வயது, அதிகபட்சம் நான்கு மாதம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஒரு ஸ்பான்சர் நிறுவனம் உங்களை நேர்காணல் செய்து, முகாமோடு இணைத்து, டி.எஸ்.-2019 என்ற படிவத்தைத் தர வேண்டும். அதே வேலையைச் செய்யும் அமெரிக்கருக்கு என்ன தருகிறார்களோ அதற்கு நிகராக உங்களுக்கும் தர வேண்டும் என்பது விதி. முகாம்கள் தங்க இடமும் உணவும் தந்து, மேலே ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகையை வேலை செய்யும் மணிநேரத்தால் வகுத்துப் பார்த்து மனத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பிரிவில் போகிறவரைச் சமையலுக்கோ, பாத்திரம் கழுவவோ, அலுவலக வேலைக்கோ நிரந்தரமாக அமர்த்தவும் கூடாது. எல்லோரும் முறை வைத்து மேசை துடைப்பது வேறு, உங்களை மட்டும் சமையலறைக்கு அனுப்புவது வேறு. இரண்டாவது நடந்தால் ஸ்பான்சரின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண் இருப்பதே அதற்குத்தான்.

இன்னொன்று பி-1, குறுகிய கால அலுவல் பயணத்துக்கான விசா. ஒரு மத அமைப்போ அறநிறுவனமோ நடத்தும் தன்னார்வச் சேவைத் திட்டத்தில் சேர்பவருக்கு இந்த விசாவில் இடம் உண்டு. அமெரிக்காவிலிருந்து சம்பளம் வாங்கக் கூடாது. செலவுக்கான படி வாங்கலாம். பொருள் விற்பது, நன்கொடை திரட்டுவது கூடாது. அழைக்கும் அமைப்பின் விரிவான கடிதம் கையில் வேண்டும். சபைக் குழுவாகப் போகிறவர்களுக்கு இது பொருந்தும்.

சித்தப்பா நியூ ஜெர்சியில் இருக்கிறார். சுற்றுலா விசாவில் போய் அப்படியே முகாமில் உதவலாமா?

வேண்டாம். விமான நிலையத்தில் "எதற்கு வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லப்போவது பொய்யாக இருக்கும். பிள்ளைகளுக்கு நேர்மையைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக முடியாது.

எப்போது தொடங்க வேண்டும், என்ன செலவாகும்?

அடுத்த ஜூனுக்கு இந்த அக்டோபரில். முகாம்கள் பிப்ரவரி, மார்ச்சுக்குள் ஆட்களை முடிவு செய்துவிடும். முதலில் பாஸ்போர்ட், பிறகு காவல்துறைச் சான்று. இதை பாஸ்போர்ட் சேவா தளம் வழியாகவே வாங்கலாம். பரிந்துரைக் கடிதம் மூன்றாவது. சேகரகுருவிடமோ பங்குத்தந்தையிடமோ வாங்கினால் மட்டும் போதாது. நீங்கள் பிள்ளைகளோடு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் எழுத வேண்டும். "இவர் நற்குணமுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர்" என்ற நம் ஊர்ச் சான்றிதழ் நடை அங்கே செல்லாது. பேருந்துப் பயணத்தில் வாந்தியெடுத்த பிள்ளையை இவர் எப்படிச் சமாளித்தார் என்று இரண்டு வரி இருந்தால் அது பத்து நற்குணங்களுக்குச் சமம்.

விசாக் கட்டணம் 185 டாலர். கவுன்சிலர் பிரிவுக்கு, வெளிநாட்டு மாணவர்களையும் பரிமாற்றப் பார்வையாளர்களையும் பதிவு செய்யும் 'செவிஸ்' முறைக்கான கட்டணம் 35 டாலர். 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று மேலும் 250 டாலர் கட்டணத்துக்கு வழி செய்திருக்கிறது. நீங்கள் போகும்போது அதை வசூலிக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பான்சர் கட்டணம், விமான டிக்கெட், சென்னைக்குப் போய்வரும் செலவு தனி. காப்பீடு கட்டாயம்: ஒரு விபத்து அல்லது நோய்க்கு ஒரு லட்சம் டாலர் வரை மருத்துவச் செலவைத் தாங்குவதாக இருக்க வேண்டும் என்பது ஜே-1 விதி. பெரும்பாலும் ஸ்பான்சரே இதை எடுத்துத் தருகிறார். மொத்தத்தில், கையில் கிடைக்கும் பணம் செலவை ஈடுகட்டினாலே அதிர்ஷ்டம். சம்பாதிக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம்.

ஓர் ஏஜென்ட் பணம் கட்டினால் முகாம் வேலை, பிறகு அங்கேயே தங்க ஏற்பாடு என்கிறார்.

ஓடிவிடுங்கள். டி.எஸ்.-2019 தர அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர்களின் பட்டியலை அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஜே-1 இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. அதில் இல்லாத பெயருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். திட்டம் முடிந்தபின் ஊர் சுற்ற 30 நாள் தருகிறார்கள். அந்த 30 நாளில் வேலை செய்யக் கூடாது.

ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரக நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

என்னிடம் கேட்டவை நான்கு. எந்த முகாம், பிள்ளைகளோடு என்ன அனுபவம், திரும்பி வந்து என்ன செய்வீர்கள், செலவு யாருடையது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வருவதற்கான காரணம்தான் அவர்களுக்கு முக்கியம். படிப்போ வேலையோ பாதியில் காத்திருக்கிறது என்றால் அதற்கான தாளைக் கொண்டுபோங்கள். கடைசி ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை விண்ணப்பத்தில் எழுத வேண்டும். 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"கர்த்தர் என்னை அழைத்தார்" என்று அதிகாரியிடம் தொடங்காதீர்கள். அழைத்திருக்கலாம். அவர் கேட்டது டி.எஸ்.-2019.

சபைதானே நடத்துகிறது? பிறகு எதற்குக் காவல்துறைச் சான்று, இத்தனை விசாரணை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்; தங்களைச் சந்தேகிப்பதாக எண்ணி வருந்துகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஜான் ஸ்மைத் என்பவரின் கதை. இங்கிலாந்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர். உயர்தரப் பள்ளிப் பையன்களுக்கான இவெர்ன் கிறிஸ்தவ முகாம்களில் முக்கியமானவர். அங்கே பழகிய பையன்களை 1970-களின் பிற்பகுதியிலும் 80-களின் தொடக்கத்திலும் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில், பக்தியின் பெயரால், இரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தார். 1982-இல் முகாம் தலைவர்களுக்கு விஷயம் தெரிந்தது. காவல்துறையிடம் போகாமல் மூடி மறைத்தார்கள். 1984-இல் அவர் ஜிம்பாப்வேக்குப் போனார். அங்கேயும் கிறிஸ்தவச் சிறுவர் முகாம் நடத்தினார். 1992-இல் அவருடைய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். 2018-இல் அவர் சாகும்வரை எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபை ஏற்பாடு செய்த விசாரணையின் மேக்கின் அறிக்கை 2024 நவம்பரில் இதையெல்லாம் விரித்து எழுதிய சில நாட்களில், அந்தத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கான்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, போதிய நடவடிக்கை எடுக்காததற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாக அறிவித்தார். அமெரிக்காவிலும், மிசௌரி மாநிலத்துக் கனாகுக் முகாமில் இயக்குநராக இருந்த ஒருவருக்கு 2010-இல் இரண்டு ஆயுள் தண்டனையும் கூடுதலாக 30 ஆண்டும் விதிக்கப்பட்டன.

இந்த மனிதர்களையும் பார்த்தவர்கள் "பக்திமான்" என்றுதான் சொன்னார்கள். ஆகவே, உங்களிடம் எந்தச் சான்றும் கேட்காமல் "வாருங்கள், சகோதரி" என்று அழைக்கும் முகாம் உங்களை நம்புவதாக நினைக்காதீர்கள். அந்த முகாமுக்குப் பிள்ளைகள் மேல் கவனமில்லை. அங்கே போகாதீர்கள்.

பிள்ளைகளிடம் எதைச் செய்யக் கூடாது?

இதற்குப் பயிற்சி வாரத்தில் ஒரு முழு நாள் ஒதுக்குவார்கள். நமக்குத் தடுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கன்னத்தைக் கிள்ளுவது. தூக்கி மடியில் வைப்பது. தலையில் லேசாகக் குட்டுவது. காதைத் திருகுவதாக விளையாட்டுக் காட்டுவது. ஊரில் இவையெல்லாம் பாசம். அங்கே ஒவ்வொன்றும் ஒரு புகார். பிள்ளை தானாக வந்து கட்டிக்கொண்டால் பக்கவாட்டில் தோளோடு அணைத்துக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளையோடு தனியாக, மற்றவர் கண்ணுக்கு மறைவாக, எங்கேயும் இருக்கக் கூடாது. இரவில் கழிப்பறைக்கு அழைத்துப்போவதானாலும் இன்னொருத்தியை எழுப்பிக்கொண்டு போவோம். சாக்லேட்டோ மிட்டாயோ நம் கையால் கொடுக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஒவ்வாது என்று நமக்குத் தெரியாது. வேர்க்கடலை மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுபோய் நான் முதல் நாளே செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நம்முடைய மாத்திரைகளையும் அவரிடம்தான் பூட்டி வைக்க வேண்டும், தைலம் உட்பட. பிள்ளைகளின் படத்தை நம் சமூக ஊடகப் பக்கத்தில் போடக் கூடாது. அமெரிக்கா போய்விட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரு படம்கூடப் போடாவிட்டால் ஊரில் யார் நம்புவார்கள் என்று ஒரு தம்பி கேட்டான். ஏரியைப் போடட்டும்.

ஒரு பிள்ளை "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொன்னால்?

"சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முழுவதும் கேளுங்கள், துருவாதீர்கள், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்து உடனே இயக்குநரிடம் போங்கள். பிள்ளைகள் மீதான கொடுமையைப் பற்றிச் சந்தேகம் வந்தாலே அரசுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டப் பொறுப்பு அங்கே உண்டு. யாருக்கெல்லாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வட கரோலினாவில் எல்லோருக்கும் அந்தக் கடமை இருக்கிறது. "குடும்ப விஷயம், ஜெபிப்போம்" என்று விடுவது நம் சபைகளில் நான் பலமுறை பார்த்தது. அங்கே அது குற்றம். இங்கேயும் போக்சோ சட்டத்தின்கீழ், பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம்தான். நமக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

வீட்டு ஏக்கத்தில் அழும் பிள்ளையை என்ன செய்வது?

முதல் கோடையில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஒன்பது வயதுச் சிறுமி, இரண்டாம் இரவு, மணி இரண்டு. வயிறு வலிக்கிறது என்றாள். செவிலியர் பார்த்தார், ஒன்றுமில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். மனம் தாங்காமல் நான், "நாளைக்கும் பிடிக்கவில்லை என்றால் அம்மாவைக் கூப்பிட்டுவிடலாம்" என்று சொல்லிவிட்டேன். தூங்கிவிட்டாள். மறுநாள் காலையிலிருந்து மணிக்கொரு தரம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பிடிக்கவில்லை, கூப்பிடுங்கள்" என்றாள். மூன்று நாள். நான் திறந்துவிட்ட கதவை அவள் வேறெப்படிப் பார்ப்பாள்? பெற்றோரைக் கூப்பிடுவதா இல்லையா என்பது இயக்குநர் முடிவு செய்ய வேண்டியது. எனக்கு அந்த வாக்கைக் கொடுக்கும் உரிமையே இல்லை.

மூத்த கவுன்சிலர் ஒருவர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்: உணவு மணியை அடிப்பது. தினம் மூன்று வேளை, மணிக்குப் பத்து நிமிடம் முன்பே அவள் அங்கே நிற்க வேண்டும். வியாழக்கிழமை இன்னொரு பிள்ளை அந்தக் கயிற்றைத் தொட்டதற்குச் சண்டைக்குப் போனாள். சரியாகிவிட்டாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம்.

ஏக்கம் இரவிலும் மதிய ஓய்விலும்தான் ஏறும். அழாதே என்று சொல்லாதீர்கள். "ஏன் அழுகிறாய்?" என்று கேட்காதீர்கள், காரணம் இருவருக்கும் தெரியும். அவளுடைய நாயின் பெயரைக் கேளுங்கள். உங்களுக்கும் அழுகை வரும், பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். அதற்கு வெளியே போய் அழுதுவிட்டு வாருங்கள்.

முகாம் பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆறு பெருகி, 1926-இல் தொடங்கிய கேம்ப் மிஸ்டிக் என்ற கிறிஸ்தவச் சிறுமியர் முகாமுக்குள் புகுந்தது. முக்கால் மணி நேரத்தில் ஆறு 26 அடி உயர்ந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். அங்கே இருந்த சிறுமிகளும் கவுன்சிலர்களுமாக 27 பேர் இறந்தார்கள். முகாமின் இயக்குநரும் இறந்தார். அதே ஆண்டில் டெக்சாஸ், வெள்ளச் சமவெளியில் கேபின்கள் இருப்பதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. கவுன்சிலர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வேலையை ஏற்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: கேபின் வெள்ளம் வரும் இடத்தில் இருக்கிறதா, இரவில் எச்சரிக்கை எப்படி வரும், எங்கே ஓட வேண்டும், அதை ஒத்திகை பார்க்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு எரிச்சல்படும் முகாமை விட்டுவிடுங்கள்.

அன்றாட ஆபத்துகளில் முதலாவது தண்ணீர். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சல் சோதனை உண்டு. ஏரியில் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். விசில் அடித்ததும் ஜோடிகள் கைகோத்து உயர்த்த, எண்ணிப் பார்ப்பார்கள். இடி கேட்டால் எல்லோரும் கரையேற வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். தாமிரபரணியில் வளர்ந்தவள் என்ற கர்வத்தோடு போன எனக்கு நீச்சல் சோதனை முதல் தடவை தேறவில்லை. இரண்டாவது, உண்ணி. நம் ஊர் மாட்டுண்ணி மாதிரிதான்; சில இடங்களில் லைம் நோயைப் பரப்பும். தினம் மாலை முழங்கால் மடிப்பு, காதுப் பின்புறம், முடி வேர் என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, 'பாய்சன் ஐவி' என்ற கொடி. மும்மூன்று இலையாக இருக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். தொட்டால் இரண்டு வாரம் சொறிவீர்கள்.

சாப்பாடு?

கிடைக்கும். காரம் கிடைக்காது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்கள்; கேபினில் வைக்காதீர்கள், அந்த மலைகளில் கரடி உண்டு. சைவம் என்றால் முன்பே எழுதிச் சொல்லிவிடுங்கள். தீயைச் சுற்றி உட்கார்ந்து வாட்டித் தின்னும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது, அதாவது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பொருள்.

பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?

பெயர் சொல்லி. ஏழு வயதுப் பொடியன் முதல் நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது யாரையோ கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா, அண்ணன் எதுவும் கிடையாது. தென் மாநிலங்களில் சிலர் 'மிஸ்' சேர்ப்பார்கள். இயக்குநரையும் நீங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது கடைசி வரை வரவில்லை, அவரைக் கூப்பிடாமலேயே அருகில் போய் நின்று இரண்டு கோடையைக் கழித்தேன்.

உங்கள் பெயரைச் சுருக்கிக்கொள்ள அவசரப்படாதீர்கள். பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் நாக்கு புரளாது.

நான் சி.எஸ்.ஐ. பாப்டிஸ்ட் முகாமில் சேர்ப்பார்களா? கிறிஸ்தவர் அல்லாதவர் போகலாமா?

பல முகாம்கள் ஒரு விசுவாச அறிக்கையைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கும். வாசித்துவிட்டுப் போடுங்கள். குழந்தை ஞானஸ்நானம் பெற்ற நாம், அதை ஏற்காத சபையின் முகாமில் சேரலாம். கேபினில் அந்த விவாதத்தைத் தொடங்காமல் இருந்தால் போதும். மது, புகை, காதல் பற்றிய விதிகளும் அந்தத் தாளில் இருக்கும். மனத்துக்கு ஒவ்வாததில் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே போய் வாதாடாதீர்கள். வேறு மதத்தவருக்கு ஒய்.எம்.சி.ஏ. முகாம்கள் பலவற்றில் தடையில்லை. அங்கே ஜெபம் குறைவு, படகு அதிகம்.

பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. அப்பா அம்மாவையும் உட்கார வைத்து இயக்குநரோடு ஒரு காணொலி அழைப்பு பேசுங்கள். எங்கள் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா?" இயக்குநர் எழுந்துபோய்க் கைபேசியைக் கேபின் கதவுக்கு நேராகக் காட்டினார். அன்று அனுமதி கிடைத்துவிட்டது. கைபேசி பிள்ளைகள் முன்னால் எடுக்கக் கூடாது, பல மலைகளில் சிக்னலும் இல்லை; ஆகவே வாரம் ஒரு நாள், ஓய்வு நாளில்தான் பேச முடியும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதையும் சொல்லாமல் போய் ஐந்து நாள் பேசாமல் இருந்தால் பாளையங்கோட்டையில் உபவாச ஜெபம் ஏற்பாடாகிவிடும்.

அமெரிக்கா மட்டும்தானா?

இல்லை. பிரிட்டனில், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு, சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே மொத்தம் 30 நாள் வரை தன்னார்வ வேலை செய்யலாம். கடற்கரை ஊழியம் என்ற வழக்கமே அங்கிருந்து வந்தது: 1868-இல் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் ஜோசயா ஸ்பியர்ஸ் மணலில் ஒரு வசனத்தை எழுதி, அதைச் சிப்பியாலும் கல்லாலும் அலங்கரிக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஸ்கிரிப்சர் யூனியன் என்று நாம் அறிந்த அமைப்பின் தொடக்கக் கதை இது.

அவ்வளவு செலவு செய்து அங்கே போவதற்குப் பதில் நம் ஊர் பிள்ளைகளுக்கு உதவலாமே?

உதவலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஊர் முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நான் இல்லாவிட்டால் ஆள் கிடைக்காமல் போயிருக்காது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: வெளிநாட்டிலிருந்து வந்து தமக்குக் கற்றுக்கொடுப்பவர்களைத்தான் நம் சபைகளுக்கு இருநூறு ஆண்டாகத் தெரியும். கிழக்கிலிருந்து ஒருத்தி போய் அவர்களுக்குக் கபடி சொல்லிக்கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு அறுபது பிள்ளைகள் புல்வெளியில் ஓடியதைப் பார்த்து, வாரப் போதகரும் காலணியைக் கழற்றிவிட்டு வந்து சேர்ந்தார்.

எனக்கு உண்மையில் பயன்பட்டது திரும்பி வந்தபிறகு. அடுத்த ஏப்ரலில் எங்கள் சபை வி.பி.எஸ்-இல் முதன்முதலாக, இரண்டு பெரியவர் இல்லாத வகுப்பறை இருக்கக் கூடாது என்று விதி வைத்தோம். சிலருக்குக் கோபம். இன்னும் கோபம் தீரவில்லை. விதி இருக்கிறது.

முகாம் முடிந்தபின் பிள்ளைகளோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாமா?

நேரடியாகக் கூடாது. கைபேசி எண்ணோ சமூக ஊடகப் பெயரோ கொடுக்கக் கூடாது. கடிதம் எழுத விரும்பினால் முகாம் அலுவலகம் வழியாக மட்டும்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

வரி. ஜே-1 விசாவில் போனவரிடம் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கானது), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கானது) என்ற இரண்டு பிடித்தங்களும் செய்யக் கூடாது. பிடித்திருந்தால் முகாமிடம் கேளுங்கள். வருமான வரி தனி. அதற்கு ஜனவரியில், தந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 என்ற தாள் அனுப்புவார்கள், அதை வைத்து ஏப்ரல் 15-க்குள் கணக்குக் காட்ட வேண்டும். கிளம்பும் முன் ஊர் முகவரியைத் தெளிவாக, பின்கோடோடு, அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். என்னுடையது, கட்டத்துக்குள் அடங்காமல் 'பாளையங்கோ' வரை மட்டும் அச்சாகி, மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தது.